பாசி எடுக்கும் அக்காவின் பேச்சு ஊமையாகாமல் இருக்க: காணொளியைச் சுதந்திரத் தளங்களில் ஏற்றும் முறை

சென்ற ஆண்டு பாம்பனுக்குத் தெற்கே ஒரு கரையில், கடற்பாசி எடுத்துத் திரும்பிய அக்கா ஒருவரை நான்கு நிமிடம் பேச வைத்துப் படம்பிடித்தேன். விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தபடி, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து கிள்ளும் விதத்தை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் கொடியேற்றத்துக்குக் கட்டிய குழாய் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெரிய காணொளித் தளம் ஒன்றில் அதை ஏற்றினேன். அங்குள்ள தானியங்கி முறை அந்தப் பாட்டைக் கண்டுபிடித்து, மறுநாளே ஒலி முழுவதையும் நிறுத்திவிட்டது. “தம்பி, நான் பேசுனதக் காணோமே, வாய் மட்டும்ல அசையுது” என்றார் அக்கா. போனில் இடமில்லையென்று மூலக் கோப்பை நான் ஏற்கெனவே அழித்திருந்ததால், அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியைக் கேட்டுப் பழகிய நமக்குச் சொந்த ஒலிபரப்பு என்பது புதிதன்று. காணொளிக்கும் அப்படி இரண்டு இடங்கள் உள்ளன: பாதுகாத்து வைக்க இன்டர்நெட் ஆர்கைவ், மக்கள் பார்க்கவும் பின்தொடரவும் பியர்டியூப். இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. இரண்டிலும் விளம்பரம் குறுக்கிடாது.

முதல் படி, படம்பிடிக்கும் முன்பே தொடங்குகிறது. போனைக் கிடைவாக்கில் பிடியுங்கள். கச்சான் காற்று வீசும் நாளில் கரையேற்றிய வள்ளத்தின் மறைவில் பேசுபவரை உட்கார வைத்தால், மைக்கில் காற்று இரைவது பெருமளவு குறையும். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிடுங்கள், ஏனெனில் படம்பிடித்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டு, கோப்போடு கூடவே பயணம் செய்யும்.

இரண்டாவது படிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது என் கருத்து. அவசரத்தில் பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், தீவை ஒட்டிப் பாசி எடுக்கும் காட்சி, பேசியவரின் குறையைச் சொல்வதற்குப் பதிலாக அவர்மீதே வழக்குப் போடச் சான்றாகிவிடக்கூடும். ஆகவே எங்கே ஏற்றப் போகிறீர்கள், யாரெல்லாம் பார்க்கலாம், பிறகு எடுக்கச் சொன்னால் எப்படி எடுப்பீர்கள் என்பதையெல்லாம் முதலில் விளக்கி, அவருடைய சம்மதத்தை வாங்குங்கள். வேண்டாமென்றால் முகத்தை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் எடுக்கலாம், ஆனால் முகத்தை மறைத்துவிட்டுப் பின்னால் நிற்கும் படகின் பதிவெண்ணைக் காட்டினால் மறைத்ததில் பயனில்லை. குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் ஊர்கள் நம்முடையவை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மூன்றாவதாக, மூலக் கோப்பைத் தொடாமல் இரண்டு இடங்களில் நகலெடுங்கள்: ஒரு மெமரி கார்டு, நம்பிக்கையான இன்னொருவரின் கணினி. வாட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாக அனுப்பியது நகலாகாது, அது கோப்பைச் சுருக்கிவிடும். அனுப்பியே தீரவேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள்.

ஏற்றுவதற்குத் தனியாக ஒரு சிறிய கோப்பு வேண்டும். கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை நிறுவி, கோப்பைத் திறந்து, ‘ஃபாஸ்ட் 720பி30’ என்ற முன்னமைப்பைத் தேர்ந்து, எம்பி4 ஆகச் சேமித்தால் போதும். நொடிக்கு 2 மெகாபிட் என்று கணக்கிட்டால் நிமிடத்துக்கு 15 எம்பி ஆகும்; நான்கு நிமிடப் பேச்சு ஏறத்தாழ 60 எம்பியில் அடங்கிவிடும். கணினி இல்லாதவர்கள் போன் கேமராவையே 720பி என்று மாற்றிக்கொண்டு எடுக்கலாம்.

இப்போது இன்டர்நெட் ஆர்கைவ். அமெரிக்காவில் 1996இல் தொடங்கப்பட்ட இந்த இலாப நோக்கற்ற மின்நூலகத்தின் முகவரி ஆர்கைவ் டாட் ஓஆர்ஜி. சொந்த வேலைக்குப் பயன்படுத்தாத தனி மின்னஞ்சலைக் கொண்டு கணக்குத் தொடங்கி, ‘அப்லோட்’ பொத்தானை அழுத்திக் கோப்பைச் சேருங்கள். தலைப்பு, விவரம், தேதி, மொழி, குறிச்சொற்கள் ஆகியவற்றைத் தமிழிலேயே நிரப்பலாம். பக்கத்தின் முகவரி மட்டும் ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் அமைய வேண்டும், அதைப் பின்னால் மாற்றிக்கொள்ள இயலாது என்பதால் பொறுமையாகத் தேர்ந்தெடுங்கள். முதன்முறை ஏற்றுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, அங்கேயே உள்ள ‘சோதனைப் பதிவு’ என்ற தேர்வு. அதை இட்டால் 30 நாள்களில் பதிவு நீக்கப்பட்டுவிடும், தவறு செய்து பழகலாம். உரிமம் கேட்கும் இடத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் வகைகளுள் ஒன்றைத் தேர்ந்தால், உங்களைக் கேட்காமலே பிறர் எடுத்தாளலாமா, விற்கலாமா, வெட்டி ஒட்டலாமா என்பதெல்லாம் தெளிவாகிவிடும். பேசியவரின் சொல்லைத் துண்டாக்கித் திரிக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தால், மாற்றம் செய்ய அனுமதிக்காத வகையே நல்லது.

அடுத்தது பியர்டியூப். ஃபிராமசாஃப்ட் என்ற பிரெஞ்சு இலாப நோக்கற்ற அமைப்பு வளர்த்தெடுக்கும் இந்தக் கட்டற்ற மென்பொருளின் முதல் முழுப் பதிப்பு 2018 அக்டோபரில் வெளிவந்தது. இது ஒரே தளம் அன்று. தனித்தனிக் குழுக்கள் நடத்தும் பல சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையால் ஒன்றையொன்று தொடர்ந்து, ஒன்றில் ஏற்றியதை மற்றொன்றில் காட்டுகின்றன. ஜாயின்பியர்டியூப் டாட் ஓஆர்ஜி தளத்தில் சர்வர்களின் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொன்றின் விதிகளையும், ஒருவருக்கு ஒதுக்கும் இட அளவையும், நடத்துபவர் யார் என்பதையும் படித்துத் தேர்ந்தெடுங்கள். சில சர்வர்களில் நிர்வாகி ஒப்புதல் தந்த பிறகே கணக்குத் திறக்கும். பிறகு ஒரு சேனல் உருவாக்கி, ‘பப்ளிஷ்’ என்பதை அழுத்தி, கோப்பைக் கொடுத்து, தனியுரிமை என்ற இடத்தில் முதலில் ‘பட்டியலிடாதது’ என்று வையுங்கள். இணைப்பு உள்ளவர் மட்டுமே பார்ப்பர். பேசியவர் பார்த்துச் சரி சொன்ன பின் பொதுவாக்கலாம்.

ஒரே காணொளியைப் பலர் ஒரே நேரத்தில் பார்க்கும்போது, ஒருவருடைய கருவியிலிருந்து மற்றவருக்குத் துண்டு துண்டாகப் பரிமாறிச் சர்வரின் சுமையைக் குறைப்பது பியர்டியூப்பின் சிறப்பு. ஆனால் அதனால் பார்ப்பவரின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அவருடைய இணைப்பை அடையாளம் காட்டும் எண், மற்றப் பார்வையாளர்களுக்குத் தெரிய வாய்ப்புண்டு. சிக்கலான விஷயமென்றால், அமைப்புகளில் இந்தப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதிப்புரிமைச் சட்டம் இங்கும் உண்டு. புகார் வந்தால் நீக்கவும் செய்வார்கள். ஆகையால் குழாய் ரேடியோ ஓய்ந்த பிறகு எடுப்பதே இப்போது என் வழக்கம். தளங்களும் நிலையானவை அல்ல: நடத்துபவரிடம் பணம் தீர்ந்தால் சிறிய சர்வர் மூடப்படும், அத்தனை பெரிய இன்டர்நெட் ஆர்கைவே 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் சில நாள்கள் முடங்கியது. மூன்றாவது படியில் சொன்ன மெமரி கார்டு அதற்காகத்தான்.

கடைசியாக, இரண்டு இணைப்புகளையும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தியாக அனுப்புங்கள். அனுப்பும் முன், கணக்கில் நுழையாத வேறொரு போனில், வைஃபை இல்லாமல், அதைத் திறந்து ஒலி வருகிறதா என்று இறுதிவரை கேட்டுவிடுங்கள். இந்த முறை நான் அதை அந்த அக்காவின் போனிலேயே செய்தேன்.