தேசிய நலன் என்று எழுதுவதற்கு முன்

வெளியுறவுக் கொள்கை பற்றி முதன்முறையாக எழுதும் மாணவர்களின் வரைவுகளைத் திருத்தித் தருகிறேன். ஆய்வு மாணவனாக நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. பெயர், ஆண்டு மாறிப்போவதை விடுங்கள். அவை தானே சரியாகிவிடும். தானே சரியாகாத தவறுகள் இவை.

முடிவைப் பார்த்துவிட்டுக் கோட்பாட்டைத் தேடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். 2012 மார்ச்சில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், இலங்கை மீது அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. ஏன்? "தேசிய நலன், யதார்த்தவாதம்" என்று எழுதுகிறார்கள்; நாடுகள் அதிகாரத்தையும் பாதுகாப்பையும் கணக்கிட்டே நடக்கும் என்பது யதார்த்தவாதம். சரி, 2009 மே மாதம் அதே பேரவையில் கொழும்புக்குச் சாதகமான தீர்மானத்தை ஆதரித்ததே? அதுவும் தேசிய நலன். 2014-ல் வாக்களிக்காமல் ஒதுங்கியது? அதுவும்தான். என்ன நடந்தாலும் பொருந்துகிற விடை எதையும் விளக்குவதில்லை.

என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயத்தை இப்படித்தான் எழுதினேன். "வாக்கு வேறு மாதிரி விழுந்திருந்தால் என்ன எழுதியிருப்பாய்?" என்று கேட்டார் வழிகாட்டி. இதையேதான் எழுதியிருப்பேன். அத்தியாயம் போனது, பல மாத உழைப்பும் போனது.

கோட்பாடு எதை எதிர்பார்க்கிறது என்பதை முதலில் எழுதிவையுங்கள். அப்புறம் வாக்கைப் பாருங்கள். இலங்கையில் சீனா காலூன்றிக்கொண்டிருந்த நேரம் அது. அதிகாரச் சமநிலையை, அதாவது நாடுகளுக்கிடையிலான பலக் கணக்கை, மட்டும் பார்க்கும் யதார்த்தவாதி, டெல்லி கொழும்பைப் பகைத்துக்கொள்ளாது என்றே சொல்லியிருப்பார். 2012-ல் அது பொய்த்தது. மத்தியில் ஆண்ட கூட்டணியில் திமுக இருந்தது, தமிழ்நாடு கொதித்தது என்ற உள்நாட்டு அரசியல் விளக்கம் பொருந்துகிறது. அங்கேயே நின்றுவிடாதீர்கள். 2013 மார்ச் 19 அன்று திமுக கூட்டணியை விட்டு விலகியது. கூட்டணி நெருக்கடி போன பிறகும், இரண்டு நாள் கழித்து இந்தியா ஆதரித்தே வாக்களித்தது. 2014-ல் மக்களவைத் தேர்தல் நெருங்கி, தமிழ்நாட்டின் வாக்கு தேவைப்பட்ட நேரத்திலோ ஒதுங்கிக்கொண்டது. அந்த ஆண்டுத் தீர்மானம் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமே விசாரிக்க வேண்டும் என்றது; இறையாண்மையில் தலையீடு என்று டெல்லி அதை ஏற்கவில்லை. இங்கே, நாடுகளின் நடத்தையை நெறியும் அடையாளமும் தீர்மானிக்கின்றன என்னும் ஆக்கவாதம் உள்ளே வருகிறது. ஒவ்வொரு விளக்கமும் எந்த ஆண்டில் தடுக்கி விழுகிறது என்று காட்டுங்கள்.

மூன்று கோட்பாடுகளுக்கும் ஆளுக்கொரு பத்தி

யதார்த்தவாதம், உள்நாட்டு அரசியல், ஆக்கவாதம் என்று வரிசையாக அடுக்குவது வேண்டாம்.

"இந்தியா நினைத்தது" என்று எழுதுவது

யார் நினைத்தது? பிரதமர் அலுவலகமா, வெளியுறவு அமைச்சகமா?

வால்ட்ஸிடம் தவறான கேள்வி கேட்பது

தன் கோட்பாடு சர்வதேச அரசியலுக்கானது, ஒரு தனி நாட்டின் வெளியுறவுக் கொள்கையை விளக்க வந்ததல்ல என்று யதார்த்தவாதக் கோட்பாட்டாளர் கென்னத் வால்ட்ஸே சொல்லியிருக்கிறார். ஒரு வாக்கு ஏன் மாறியது என்று தெரிய வேண்டுமானால், உள்நாட்டுக் காரணங்களையும் கணக்கில் எடுக்கும் நவசெவ்வியல் யதார்த்தவாதத்திடம் போங்கள்.