புகையில் விரியும் கொடி: சாகச விமானப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாகச விமானக் குழு வானில் வண்ணப் புகை விட்டுப் போகும்போது, கூட்டம் அண்ணாந்து பார்ப்பது தன் நாட்டுக் கொடியை. அதனால் இந்தக் காட்சியின் புகைப்படங்களில் ஒரு சின்னப் பிழை இருந்தாலும் எனக்கு உறுத்தும்.

அதிகம் பேர் தவறுவது நிற வரிசையில்தான். நம்மை நோக்கி வரும்போது இடப்பக்கம் தெரிகிற நிறம், விமானங்கள் தலைக்கு மேல் கடந்த பிறகு திரும்பிப் பார்த்தால் வலப்பக்கம் இருக்கும். எங்கே நின்று, எந்தத் திசை பார்த்து எடுத்தால் கொடியின் வரிசை சரியாக விழும் என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு, அப்புறம் எடிட்டிங்கில் படத்தை இடம்வலமாகத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். விமானத்தில் உள்ள எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறிவிடும். சரியான படத்தை அழகுக்காகத் திருப்புவது அதைவிட மோசம். அயர்லாந்துக் கொடியின் பச்சை, வெள்ளை, ஆரஞ்சைத் திருப்பிப் பாருங்கள், ஐவரி கோஸ்ட் கொடி வந்து நிற்கும்.

2018 ஜூலை 14 அன்று பாரிஸ் அணிவகுப்பில், பிரான்ஸின் பத்ரூய் த ஃபிரான்ஸ் குழுவில் ஒரு விமானம் நீலம் விட வேண்டிய இடத்தில் சிவப்புப் புகையை விட்டது. அப்படி ஒரு படம் உங்களிடம் இருந்தால் நிறத்தை மாற்றாமல் அப்படியே வையுங்கள். நாட்டின் மேல் உள்ள அன்புக்காக நடந்ததை மாற்றக் கூடாது.

நிறத்தை ஏற்றுவதிலும் கவனம் வேண்டும். சூடான வெளியேற்றக் காற்றில் எண்ணெயைச் செலுத்தினால் அது ஆவியாகி, குளிர்ந்து, வெள்ளைப் புகையாகிறது. சாயம் சேர்த்தால் வண்ணப் புகை. காற்றில் பரவப் பரவ நிறம் வெளுத்துவிடும் என்பதால், விமானத்துக்குப் பின்னால் புகை புதிதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். வெளுத்த புகைக்கு சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியைக் கூட்டினால் காவி சிவப்பாகும், வானமும் பொய்யாகத் தெரியும்.

வெளிச்ச அளவைக் கேமராவிடம் அப்படியே விடாதீர்கள். வெளிறிய மேகமூட்டத்தில் விமானங்கள் கறுப்புப் பொட்டுகளாகிவிடும், கேமராவின் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (வெளிச்சத் திருத்தம்) +1 வரை கூட்டலாம். அடர்நீல வானத்தில் நிலைமை நேர்மாறு. வெள்ளைப் புகை விவரமே இல்லாமல் வெளுத்துப்போகாதபடி வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். ஜெட் விமானங்களுக்கு ஷட்டர் வேகம் 1/1000 விநாடி அல்லது அதைவிட வேகம். இந்திய விமானப்படையின் சாரங் போன்ற ஹெலிகாப்டர் குழுவுக்கு அந்த வேகம் வைத்தால் படத்தில் சுழலி உறைந்து நின்று, ஹெலிகாப்டர் வானில் தொங்குவதுபோல் இருக்கும். 1/125 அளவுக்கு இறங்குங்கள்.

இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்து கடக்கும் கட்டத்தில் இரண்டையும் பிடிக்கப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. ஒன்றை மட்டும் தொடர்ந்து போங்கள், மற்றது தானாக ஃபிரேமுக்குள் வரும்.

பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் நெருக்கமாக எடுத்து ஓர விமானங்களை வெட்டிவிடுவதையும் பார்க்கிறேன். பிரிட்டனின் ரெட் ஆரோஸின் வைர வடிவ அணிவகுப்பு 9 விமானங்களால் ஆனது. 8 மட்டும் தெரிகிற படம் அந்த அணிவகுப்பின் படம் ஆகாது. புகை நீண்டு போகவும் இடம் விடுங்கள்.

ஆனால் சில சமயம் அணியில் ஓர் இடம் வேண்டுமென்றே காலியாக இருக்கும், அல்லது ஒரு விமானம் மட்டும் பிரிந்து மேலே ஏறிப் போகும். இறந்துபோன வீரருக்குச் செலுத்தும் அஞ்சலி அது. அந்தப் படத்தைக் கொண்டாட்ட வாசகத்தோடு போடுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. பொதுவாக யாருடைய நினைவாக என்பதை ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அந்த ஒரு நிமிடம் கேமராவை இறக்கிவிட்டுக் கேளுங்கள், பிறகு படத்தின் கீழே அதை எழுதுங்கள்.