தென்னைக்குக் காயம் ஆறாது: கூன்வண்டை நாமே கூப்பிடும் தவறுகள்

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு வைத்த தென்னம்பிள்ளைகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. தண்டைக் குடைந்து மரத்தையே கொல்லும் சிவப்புக் கூன்வண்டு தேடி வருகிற வயசும் இதுதான். போன வாரம் உறவுக்காரப் பையன் தோப்புக்குப் போனேன். பச்சை மட்டையெல்லாம் தண்டோடு ஒட்ட அரிந்திருந்தான். “பாக்க லட்சணமா இருக்குல்ல மாமா?” என்றான். இருபது வருஷத்துக்கு முன் நான் செய்த அதே வேலை. தண்ணீர், உரம் பற்றிச் சொல்ல ஆள் நிறைய உண்டு; அதை விடுகிறேன்.

பச்சை மட்டையை ஒட்ட வெட்டுவது

வீட்டுக் கல்யாணப் பந்தலுக்குக் கீற்று வேண்டும் என்று பதினோரு மரத்தில் மட்டையை அடியோடு வெட்டினேன். இரண்டே நாளில் வெட்டுவாயில் புளித்த கள் வாடை. வழிகிற சாற்றை ஈஸ்டும் பாக்டீரியாவும் புளிக்க வைக்கின்றன. அந்த வாடைக்குத்தான் கூன்வண்டு வரும். முதலில் வந்த ஆண் வண்டு விடும் வாசனைக்கு மற்றதெல்லாம் வரும். பெண் வண்டு நீண்ட மூக்கால் துளைத்து முட்டை வைத்துவிடும். ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை புழு உள்ளேயே தின்னும். வெளியே மரம் பச்சையாக நிற்கும். தண்டில் காதை வைத்தால் மட்டும் ‘நறநற’ என்று கேட்கும். நான் வைக்கவில்லை. நடுக்குருத்து வாடியபோதுதான் விழித்தேன். நாலு மரம் போயிற்று. பிளந்தால் உள்ளே கூழ். அதற்குள் நாரைச் சுற்றிப் பின்னிய கட்டைவிரல் பருமன் கூடுகள்.

“மரம்தானே, தானா ஆறிடும்” என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பைன் மரத்துக்கு அது சரி. பட்டை வண்டு துளைத்தால் பைன் பிசினைக் கொட்டி வண்டை வெளியே தள்ளப் பார்க்கும். வண்டு சுமந்து வரும் நீலக்கறைப் பூஞ்சை பரவாமல் சுற்றிலும் பிசின் ஊறிய திசுவால் அணை கட்டும். பட்டைக்கு அடியில் புதுத் திசுவை உண்டாக்கும் வளர்திசு இருப்பதால் பிழைத்த மரத்தில் காயமும் மூடும். தென்னைக்கு அந்தப் பட்டையும் இல்லை, பிசினும் இல்லை, வளர்திசுவும் இல்லை. விழுந்த வெட்டு கடைசிவரை வெட்டுதான்.

மட்டை காய்ந்து தானாகக் கழலட்டும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டுங்கள். ஏறுவதற்குத் தண்டில் படி செதுக்காதீர்கள். காயம் பட்டால் அன்றைக்கே தார் பூசுங்கள்.

காண்டாமிருக வண்டை அலட்சியம் செய்வது

அது குருத்தில் போட்ட துளையிலேயே கூன்வண்டு முட்டை வைக்கும். ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூள், இரண்டு பங்கு மணல். மரத்துக்கு 150 கிராம், குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் போடுங்கள். காண்டாமிருக வண்டின் புழு வளர்வது எருக்குழியிலும் மட்கிய தென்னைத் தண்டிலும். குழியில் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கரைத்து ஊற்றி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், புழு விறைத்துச் செத்து, மேலே பச்சைப் பொடி பூத்துக் கிடக்கும்.

இனக்கவர்ச்சிப் பொறியை இளமரத்தில் மாட்டுவது

வண்டு விடும் வாசனையை வைத்தே வண்டை இழுத்துப் பிடிக்கும் பொறி இது. இளமரத்தில் வேண்டாம். பொறிக்கு வந்து விழாத வண்டு அந்த மரத்திலேயே இறங்கும்.

டிரைக்கோடெர்மா வைத்த கையோடு பூஞ்சைக்கொல்லி ஊற்றுவது

இது கூன்வண்டு விஷயமில்லை; ஆனாலும் சொல்கிறேன். டிரைக்கோடெர்மா நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நல்ல பூஞ்சை. அதன் மேல் பூஞ்சைக்கொல்லி ஊற்றினால், காசு கொடுத்து வாங்கிய உயிரை நாமே கொல்வது.

செத்த மரத்தை நிற்க விடுவது

என் நாலு மரத்தையும் ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு மாதம் விட்டுவைத்தேன். கூட்டிலிருந்து வண்டு வெளியேறி அடுத்த வரிசையில் இரண்டைப் பிடித்தது. அதன் பிறகுதான் ஆறையும் பிளந்து எரித்தேன்.