கள்ளுக்கு ருசிக் குறிப்பு எழுதுவது எப்படி?

கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகளில் காய்ச்சுவது) குடித்துப் பழகியவர்கள் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்தால் "எந்தக் கள்ளு ஷாப்பில் கள் நல்லா இருக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது "எப்போ இறக்கினது?" என்று. வடிகட்டி அடைத்த பீர் பாட்டிலுக்குள் அப்படியே கிடக்கும். கள்ளு கிடக்காது. ஒரே மரத்துக் கள்தான், ஆனால் காலை எட்டு மணிக்கு ஒரு சரக்கு, மாலை நாலு மணிக்கு வேறு சரக்கு. மணி போடாத குறிப்பு எழுதியும் பயனில்லை.

சாமான் அதிகம் வேண்டாம். வெள்ளைக் கண்ணாடி டம்ளர் இரண்டு, புளிப்பின் அளவை நிறத்தால் 3.5 முதல் 8 வரை காட்டும் பிஎச் தாள், நோட்டு, குடிதண்ணீர். ஆர்வம் கூடினால் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று.

படி 1: கேட்டு எழுதுங்கள்

தெங்கா, பனையா? எத்தனை மணிக்கு இறக்கியது? பக்கத்துத் தோப்பா, வண்டியில் வந்ததா? கடைக்காரர் சலிப்பாகப் பதில் சொன்னாலும் கேட்டுவிடுங்கள்.

காலைக் கள் என்றால் புதுசு என்று நம்பிவிட வேண்டாம். முந்தின நாள் மாலை பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், ராத்திரி முழுக்கச் சொட்டியதுதான் காலையில் இறங்குகிறது. கலயத்தின் உள்சுவரில் பழைய ஈஸ்ட் ஒட்டியிருக்கும். அதனால் முதல் சொட்டு விழுந்ததுமே நொதிப்பு ஆரம்பம். மார்கழி, தை மாதக் குளிரில் அது மெதுவாக நடக்கும். சித்திரை வெயிலில் விறுவிறு என்று ஏறிவிடும். ஆகவே மாதத்தையும் எழுதுங்கள். மழைக்காலமென்றால் கலயத்தில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், நீர்த்த ருசிக்கு அதுவும் ஒரு காரணம்.

படி 2: சாப்பாட்டுக்கு முன்னால் ருசியுங்கள்

கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வந்த பிறகு நாக்கு மிளகாய்க்குச் சொந்தம். அதற்கு முன்பே 60 மில்லி ஊற்றி, நுரை அடங்கும் வரை பாருங்கள், மோந்து பாருங்கள், மூன்று மடக்கில் முடியுங்கள். இளநீர், நொங்கு, நீராகாரம், புளித்த மாவு, பலாச்சுளை, காடி (வினிகர்) என்று நமக்குத் தெரிந்த வாசனைகளையே எழுதுங்கள். சிட்ரஸ், ஃப்ளோரல் என்று பீர்க்காரர்களின் சொற்களை இரவல் வாங்கினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே எதுவும் ஞாபகம் வராது.

படி 3: எண்கள்

பிஎச் தாளை நனைத்து உடனே நிறம் பாருங்கள். பாளையிலிருந்து வரும் இனிப்புநீர் 7-ஐ ஒட்டி இருக்கும். புளிக்கப் புளிக்க 4-ஐ நோக்கி இறங்கும். ஷாப்பில் வாங்கியது 7-க்கு மேல் காட்டினால், புளிக்காமலிருக்கக் கலயத்தில் பூசும் சுண்ணாம்பைச் சந்தேகிக்கலாம்.

ஹைட்ரோமீட்டரில் எல்லோரும் சறுக்கும் இடம், வாயு. குமிழிகள் கருவியில் ஒட்டி அதை மேலே தூக்கும், அளவு கூடுதலாகத் தெரியும். இரண்டு டம்ளருக்கும் மாற்றி மாற்றி இருபது தடவை ஆற்றி, நுரை போன பிறகு அளந்து பாருங்கள். பெரும்பாலான கருவிகள் 20 டிகிரிக்கு அமைந்தவை. கள் 30 டிகிரியில் இருந்தால் 0.002 அல்லது 0.003 கூட்டுங்கள். இனிப்புநீரை 1.060 என்று வைத்து, இப்போது 1.015 வந்தால் வித்தியாசம் 0.045. அதை 131-ஆல் பெருக்கினால் 5.9 சதவீத ஆல்கஹால். தொடக்க அளவு ஊகம் என்பதால் இது தோராயக் கணக்குதான். "சுமார்" போடாமல் எழுதாதீர்கள்.

படி 4: மணிக்கொரு முறை

அதே பாட்டிலில் கொஞ்சம் ஒதுக்கி ஒரு மணி நேரம் கழித்தும், இரண்டு மணி நேரம் கழித்தும் மோந்து, ருசித்துப் பாருங்கள். மூடியை இறுக்கக் கூடாது, வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். இனிப்பு குறைந்து, காரம் ஏறி, கடைசியில் காடி நெடி எட்டிப் பார்ப்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பயிற்சி போதும்.

கெட்டதை அடையாளம் காண

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி வந்தால் எத்தில் அசிடேட், நேரம் கடந்துவிட்டது. வழவழவென்று நூல் விட்டால் ஒரு வகை பாக்டீரியா சர்க்கரையைப் பசையாக்கியிருக்கிறது. இறக்கிப் பல மணி நேரமாகியும் திகட்டத் திகட்ட இனித்தால் யாரோ இனிப்புக் கலந்திருக்கலாம். குடித்த அளவுக்குப் பொருந்தாத மயக்கமோ தூக்கமோ வந்தால் குறிப்பை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கேரளத்தில் குடிக்க 23 வயது நிரம்பியிருக்க வேண்டும். மிச்சத்தைப் பொள்ளாச்சிக்கு எடுத்துப் போகிற யோசனை வேண்டாம், தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. வண்டி ஓட்ட வேறு ஆள் வேண்டும்.

மாதிரிக் குறிப்பு

"தை. தெங்கு, பக்கத்துத் தோப்பு. இறக்கியது காலை 7.00, ருசித்தது 8.30. பிஎச் 4.5. வெள்ளை, நுரை சன்னம். இளநீர் வாசனை, அடியில் புளித்த மாவு. இனிப்பு முன்னால், புளிப்பு பின்னால். 9.30: இனிப்பு பாதி. 10.30: லேசாகக் காடி."