ஓசூரா, அத்திப்பள்ளியா? முதல் மனை வாங்குறப்போ நம்மாளுங்க பண்ற தப்பு

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டில வேலை, கையில கொஞ்சம் சேமிப்பு, ஞாயித்துக்கிழமை ஆனா தமிழ்நாட்டு ஓசூர், கர்நாடகா அத்திப்பள்ளின்னு பார்டருக்கு ரெண்டு பக்கமும் மனை பாக்க கெளம்பிடறோம். போறது நல்லதுதான், ஆனா சதுர அடி ரேட்ட மட்டும் கேட்டுட்டு வந்து முடிவு பண்ணிடாதீங்க.

பத்திரச் செலவையும் கூட்டிப் பாருங்க. தமிழ்நாட்டுல மனைக்கு முத்திரை 7%, பதிவு 2%, ஆக 9%. கர்நாடகால முத்திரை 5%, அதுக்கு மேல செஸ், சர்சார்ஜ், 2025 ஆகஸ்ட் கடைசியிலருந்து பதிவுக் கட்டணமும் 1%லருந்து 2% ஆயிடுச்சு, எல்லாம் சேத்தா ஏழரைக்குக் கொஞ்சம் மேல. 50 லட்சத்துக்கு சுமார் 70,000 மிச்சம். இந்த மிச்சத்தப் பாத்து அந்தப் பக்கம் சாயறதுதான் இன்னும் பெரிய தப்புன்னு நான் சொல்லுவேன்.

ஏன்னா அங்க பேப்பரே வேற. பட்டா, வில்லங்கம், டிடிசிபி (மனைப் பிரிவுக்கு அனுமதி குடுக்கற அரசுத் துறை) அப்ரூவல்னு பாத்துப் பழகுனவங்க, கர்நாடகால காத்தா இருக்குன்னு சொன்னதும் பட்டா மாதிரின்னு நெனச்சு அட்வான்ஸ் குடுத்துடறாங்க. காத்தாங்கறது சொத்து வரிக்கான பதிவு, அத மட்டும் வெச்சு யார் ஓனர்னு சொல்லிட முடியாது. அதுலயும் பி காத்தான்னா, அதாவது முறையான அப்ரூவல் இல்லாத சொத்துக்குக் குடுக்கற காத்தான்னா, நெறைய பேங்க் லோனே குடுக்காது. விவசாய நிலத்த கன்வர்ஷன் பண்ணாம, அதாவது வீட்டு நிலமா மாத்த அரசு அனுமதி வாங்காம, சின்னச் சின்ன சைட்டா போட்டு ரேட் கம்மியா விக்கறதும் அத்திப்பள்ளி இருக்கற ஆனேக்கல் தாலுகா பக்கம் உண்டு, கன்வர்ஷன் ஆர்டர கண்ணால பாக்காம ஒரு ரூபா குடுக்காதீங்க. எல்லாமே கன்னடத்துல இருக்கும், அதனால விக்கிறவர் காட்டுற வக்கீல் வேணாம், நீங்களா ஒரு லோக்கல் வக்கீல புடிங்க. ஓசூர் பக்கமும் அப்ரூவல் இல்லாத மனை இருக்கு, நம்ம ஊருதானேன்னு அசந்துடக் கூடாது.

வாடகை வேணும்னு நெனைக்கறவங்க காலி மனை வாங்கிட்டு மாசாமாசம் இஎம்ஐ கட்டி தவிக்கறதையும் பாக்கறேன், மனசு கஷ்டமா இருக்கு. வாடகைதான் நோக்கம்னா வீடா பாருங்க, யாரு குடி வருவாங்கன்னும் யோசிங்க. ஓசூர்னா சிப்காட் கம்பெனி ஆளுங்க, அத்திப்பள்ளின்னா பெங்களூருக்குள்ள தெனம் போறவங்க.

அப்பறம் ஏர்போர்ட். 2024 ஜூன்ல ஓசூருக்கு அறிவிச்சாங்க, நெஜம்தான். ஆனா பெங்களூரு ஏர்போர்ட் ஒப்பந்தத்துல 150 கிலோமீட்டருக்குள்ள புது ஏர்போர்ட்டுக்கு 2033 வரைக்கும் தடை இருக்கு. அது வந்துடும்னு சொல்லி இன்னிக்கே ரேட் ஏத்துனா, அந்தக் கூடுதல் காச நீங்க குடுக்காதீங்க. மெட்ரோ இப்போதைக்கு பொம்மசந்திராவோட நிக்குது, அங்கருந்து நீங்க பாக்கற மனைக்கு ஒரு திங்கக்கிழமை காலைல வண்டி ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் ரேட் பேசுங்க.