சோடாப் போத்தலில் நீர் ரொக்கெட்: முதன்முறை செய்பவர்களுக்கான விளக்கம்

பட்டம் கட்டத் தெரிந்த ஒருவருக்கு ரொக்கெட் கட்டுவது முற்றிலும் புதிய வேலை அல்ல. பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சையை ஒரு விரலளவு தவறிக் கட்டினால் எவ்வளவு அழகான கொக்குப்பட்டமும் குத்துக்கரணம் அடித்து விழும் என்பது தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நின்று பார்த்த சிறுவர்களுக்கும் தெரியும். ரொக்கெட்டும் அப்படித்தான். அது நேராகப் போகுமா, வளைந்து போகுமா என்பது, காற்றடிப்பதற்கு வெகுநேரம் முன்பே, வீட்டு விறாந்தையில் கத்தரிக்கோலும் ரேப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

மாதிரி ரொக்கெட் என்ற பொழுதுபோக்கு 1954இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், நோபோக் என்னும் ஊரில் சப்பாத்துக்கடை நடத்திய ஓர்வில் கார்லைல் என்பவரிடம் தொடங்கியது. அவர் செய்தது கருமருந்து எரியும் சிறு எஞ்சின் பொருத்திய கடதாசி ரொக்கெட். நமது இலங்கையில் கருமருந்து 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்தின் கீழ் வருவதால், அதை நாம் தொடப் போவதில்லை. சீனவெடியைப் பிரித்து மருந்தெடுத்துச் செய்து பார்ப்போம் என்று யாராவது சொன்னால், அவரோடு அன்றைக்குச் சேராமல் இருப்பதே விரல்களுக்கு நல்லது. தண்ணீரும் சைக்கிள் பம்பும் நமக்குப் போதும்.

தண்ணீர் எப்படி ரொக்கெட்டைத் தூக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். போத்தலுக்குள் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அழுத்தத்தில் காற்றை அடைத்தால், வாயைத் திறந்த கணத்தில் தண்ணீர் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வேகத்தில் கீழே பீறிடும். அரை லீற்றர் தண்ணீரும் வெளியேறுவதற்குப் பத்தில் ஒரு வினாடி கூட எடுக்காது. தண்ணீர் கீழே தள்ளப்படும் விசைக்கு ஈடான விசை போத்தலை மேலே தள்ளுகிறது. அந்தக் கண்சிமிட்டும் நேரத்துக்குப் பிறகு ரொக்கெட்டுக்கு எஞ்சின் கிடையாது. மிகுதித் தூரம் முழுவதையும் அது எறிந்த கல்லைப் போலத்தான் போக வேண்டும்.

முதலில் போத்தல்கள்

ஒரே வகையான 1.5 லீற்றர் போத்தல்கள் இரண்டு தேவை. அவை வாயு ஏற்றிய குளிர்பானத்தின் போத்தல்களாக இருக்க வேண்டும். குடிதண்ணீர்ப் போத்தல்கள் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு போத்தலைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் காற்றைத் தாங்கப் போகும் உடல். அதில் கத்தி படக் கூடாது, அரத்தாள் படக் கூடாது, தின்னர் படக் கூடாது, சூடான பசை படக் கூடாது. உடனே ஒட்டும் பசையும் அந்தப் பிளாஸ்ரிக்கை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். ஒட்ட வேண்டிய இடங்களில் இருபக்கமும் ஒட்டும் ரேப்பைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது போத்தலை வெட்டலாம். தோள் வளையும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே வெட்டி எடுத்த மேற்பகுதி ரொக்கெட்டின் மூக்காகும். நடுவில் உள்ள நேரான உருளையில் 12 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு வளையம் வெட்டி எடுங்கள். அது செட்டைகளைத் தாங்கும் பாவாடை. ரொக்கெட்டில் முதல் போத்தல் தலைகீழாக நிற்கும் என்பதை மனதில் வைத்திருங்கள்: வாய் கீழே, அடிப்பகுதி மேலே.

செட்டைகள்

செட்டைக்கு மிக நல்ல பொருள், தேர்தல் காலத்திலும் கடைத் திறப்பு விழாக்களிலும் மின்கம்பங்களில் கட்டப்படும், உள்ளே குழல்குழலாக இருக்கும் பிளாஸ்ரிக் மட்டை. தேர்தல் முடிந்த மறுநாள் அது தாராளமாகக் கிடைக்கும், கேட்டு எடுங்கள். போத்தலோடு சேரும் பக்கம் 10, வெளிநீட்சி 9 சென்ரிமீற்றர் என்ற அளவில், பின்னோக்கிச் சாய்ந்த மூன்று செட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெட்டினால் மூன்றும் ஒத்திருக்கும். மட்டையின் குழல்கள் போத்தலில் இருந்து வெளிப்பக்கமாக ஓட வேண்டும். நெடுக்காக ஓடினால் செட்டை காற்றில் படபடத்து மடங்கிவிடும். சேரும் பக்கத்தில் கூடுதலாக 2 சென்ரிமீற்றர் விட்டு, அதைப் பற்களாக நறுக்கி, பாவாடையில் கீறிய வெட்டுகளுக்குள் செருகி, உட்புறத்தில் ஒன்றை இடமும் மற்றதை வலமுமாக மடித்து ரேப்பால் ஒட்டுங்கள்.

மூன்று செட்டைகளும் சம இடைவெளியில் நிற்க, ஒரு கடதாசிக் கீலத்தைப் பாவாடையைச் சுற்றி ஒட்டி, சுற்றளவு எவ்வளவோ அதை மூன்றாக மடித்துக் குறியிடுவதே போதும். பாகைமானி வேண்டியதில்லை. பிறகு பாவாடையை நெடுக்காக ஒரு பக்கம் கீறி, உடற் போத்தலின் கீழ்ப்பகுதியைச் சுற்றி இறுக்கி ஒட்டுங்கள்.

மூக்கின் பாரம்

என் முதலாவது ரொக்கெட்டில் செட்டைகள் அழகாக இருந்தன. மூக்கில் பாரம் இருக்கவில்லை. அது வீட்டுக் கூரை உயரத்துக்குப் போய், யோசிப்பது போல ஒரு கணம் நின்று, திரும்பி, பக்கத்து வீட்டுக் கிடுகு வேலியைத் துளைத்துக்கொண்டு அவர்களின் கோழிக்கூட்டடியில் போய்க் கிடந்தது. அழுத்தம் போதவில்லை என்று எண்ணி அடுத்த முறை இன்னும் பத்து இறாத்தல் ஏற்றினேன். இன்னும் வேகமாகத் திரும்பியது, அவ்வளவுதான். தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை இது: நேராகப் போகாத ரொக்கெட்டுக்குக் காற்றைக் கூட்டுவது.

வெட்டிய மூக்கின் திருகு கழுத்தை அகற்றி, உட்பக்கத்து நுனியில் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் பிளாஸ்ரிசீன் களி 50 கிராமை அழுத்தி ஒட்டுங்கள். வெளிப்பக்கம் பாதியாக வெட்டிய ரெனிஸ் பந்தைக் கவிழ்த்து ரேப்பால் பொருத்துங்கள். விழும்போது முதலில் நிலத்தைத் தொடுவது மூக்குத்தான் என்பதால், அது கூராக இருக்கக் கூடாது. பிறகு மூக்கை உடற் போத்தலின் அடிப்பகுதிமேல் கவிழ்த்து ஒட்டுங்கள்.

இப்போது சோதனை. ரொக்கெட்டை ஒரு காட்போட் பெட்டியின் மட்டைமேல் படுக்க வைத்து, அதன் பக்கத்தோற்றத்தை உண்மையான அளவில் கீறி, வெட்டி எடுங்கள். அந்த மட்டை உருவத்தை அடிமட்டத்தின் விளிம்பில் வைத்து, இருபக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். காற்றின் தள்ளுதல் முழுவதும் ஏறக்குறைய அந்த இடத்தில் குவிவதாகக் கொள்ளலாம். அடுத்து, தண்ணீரில்லாத ரொக்கெட்டை நூலில் தொங்கவிட்டு அதன் நிறை சமப்படும் இடத்தைக் குறியுங்கள். இந்த இரண்டாவது குறி, முதலாவது குறியைவிட மூக்குப் பக்கமாக, குறைந்தது போத்தலின் அகலமாகிய 9 சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கில் களியைக் கூட்டுங்கள், அல்லது பெரிய செட்டை போடுங்கள். பட்டத்துக்கு வால் கூட்டுவதும் இதே காரணத்துக்குத்தான்.

இன்னும் நம்பிக்கை வராதவர்கள், நிறை சமப்படும் இடத்தில் நூலை ரேப்பால் ஒட்டி, இரண்டு மீற்றர் நூல் விட்டு, வெளியான இடத்தில் தலைக்கு மேலே சுழற்றிப் பார்க்கலாம். மூக்கு முன்னால் போனால் ரொக்கெட் தயார்.

மெருகு

அலங்காரத்தில் அடக்கம் வேண்டும். உடற் போத்தலுக்குப் பெயின்ற் அடிக்காமல், பட்டம் ஒட்டும் நிறக் கடதாசியை மெல்லிய ரேப்பால் சுற்றுவது பாதுகாப்பானது, பாரமும் ஏறாது. மூக்குக்கும் செட்டைகளுக்கும் அழுத்தம் இல்லை என்பதால், அவற்றை இலேசாகத் தேய்த்து இரண்டு மெல்லிய பூச்சு அக்கிரிலிக் அடிக்கலாம். செம்மஞ்சள் நல்லது. பச்சை அடித்த ரொக்கெட்டை நான் வெங்காயத் தோட்டத்தில் அரை மணித்தியாலம் தேடியிருக்கிறேன்.

ஏவுதளம்

போத்தல் வாய்க்குள் இறுக்கமில்லாமல் நுழையும் அரை அங்குலக் குழாய் தேவை. கடைக்குப் போத்தலையும் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். அழுத்தம் தாங்கும் தடித்த தண்ணீர்க் குழாயாக இருக்க வேண்டும். மின்கம்பி செல்லும் மெல்லிய குழாய் வேண்டாம். போத்தலுக்குள் செல்லும் நிலைக்குழாய் 20 சென்ரிமீற்றர் அளவு உள்ளே நுழைந்து, அதன் நுனி தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். கீழே ஒரு முழங்கை மூட்டு, அதிலிருந்து நிலத்தோடு 3 மீற்றர் குழாய், அதன் முனையில் மூடி, மூடியில் துளையிட்டுப் பொருத்திய ரியூப் இல்லாத ரயரின் வால்வு. போத்தல் வாய் வந்து நிற்கும் இடத்தில் இன்சுலேசன் ரேப்பால் இரண்டு வரம்பு சுற்றி, நடுவே ஓ றிங் எனப்படும் இறப்பர் வளையம் ஒன்றை இட்டால் காற்று கசியாது.

போத்தலைப் பிடித்து வைத்திருப்பது கேபிள் ரைகளின் வேலை. எட்டுக் கேபிள் ரைகளை நிலைக்குழாயைச் சுற்றி நிமிர்த்தி அடுக்கி, அவற்றின் தலைகள் போத்தல் கழுத்தில் உள்ள வளையத்தைக் கவ்வும் உயரத்தில் வைத்து, கீழே ஜுபிளி கிளிப்பால் (திருகி இறுக்கும் உலோகப் பட்டி) இறுக்குங்கள். தலைகளை வெளியே விரியவிடாமல் மூடி நிற்க, அகலமான குழாயில் வெட்டிய ஒரு துண்டைக் கொலராக மேலே ஏற்றுங்கள். கொலரில் கட்டிய 5 மீற்றர்க் கயிற்றை இழுத்தால் அது கீழிறங்கும், தலைகள் விரியும், போத்தல் விடுபடும்.

முதல் நாளே ரொக்கெட்டை ஏவாதீர்கள். போத்தல் நிறையத் தண்ணீர் விட்டு 70 இறாத்தல் ஏற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் அமுங்காது என்பதால், எங்காவது வெடித்தாலும் சிதறாமல் பீறிடுவதோடு நின்றுவிடும்.

பறக்க விடுதல்

மாசியில் அரிவு வெட்டு முடிந்த வயல் மிக நல்ல இடம். மின்கம்பி, தெரு, பனங்கூடல் எல்லாம் தள்ளி இருக்க வேண்டும். பலாலி விமான நிலையச் சுற்றாடல் கூடவே கூடாது. சோளகம் உரத்து வீசும் மாதங்களில் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பட்டம் விட்டுப் பழகியவர்கள் ரொக்கெட் காற்றோடு போகும் என்று எண்ணி அந்தப் பக்கம் ஓடுவார்கள். ஆனால் செட்டை நன்றாக வேலை செய்யும் ரொக்கெட், மேலே போகும்போது காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும்.

அரை லீற்றர் தண்ணீர் விடுங்கள். நிலத்துக் குழாயை உருட்டி நிலைக்குழாயைப் படுக்க வைத்து, ரொக்கெட்டையும் வாயைச் சற்று உயர்த்திப் படுக்கையாகப் பிடித்து உள்ளே செலுத்தினால், தண்ணீர் சிந்தாது. கொலரை ஏற்றிய பின் நிமிர்த்தி, இருபக்கமும் மண்மூட்டை வையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, அளவுமானி பொருத்திய பம்பால் 40 இறாத்தல் ஏற்றுங்கள். நேராகப் போகிறதென்று கண்ட பிறகு 60 வரை போகலாம். அதற்கு மேல் தொடக்கக்காரருக்குத் தேவையில்லை. காற்று ஏறிய ரொக்கெட்டுக்குக் கிட்ட எவரும் போகக் கூடாது. ஏவாமல் நிறுத்துவதென்றால், தூரத்தில் நின்றபடி வால்வால் காற்றை இறக்குங்கள். உரக்க எண்ணிவிட்டுக் கயிற்றை இழுங்கள்.

உயரத்தை அளக்க, ஒருவர் 30 மீற்றர் தள்ளி நின்று, பாகைமானியின் நடுவில் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் நேர்விளிம்பு வழியே உச்சியைப் பார்க்கட்டும். ஏற்றக்கோணம் 45 பாகை என்றால், உயரம் 30 மீற்றரும் அவருடைய கண் உயரமும் சேர்ந்தது. ரொபேட் கொடாட் 1926 மார்ச் 16இல் ஏவிய, திரவ எரிபொருளில் பறந்த உலகின் முதல் ரொக்கெட் 12.5 மீற்றர்தான் எழுந்தது. விழுந்தது ஒரு கோவாத் தோட்டத்தில்.

பரசூட் இரண்டாவது ரொக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விழும் ரொக்கெட்டைக் கையால் பிடிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். ஒவ்வொரு பறப்பின் பின்னும் போத்தலை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பால்நிறத்தில் ஒரு மடிப்புக்கோடு தெரிந்தால், மூக்கையும் பாவாடையையும் கழற்றி எடுத்துக்கொண்டு, அந்தப் போத்தலை அன்றோடு விட்டுவிடுங்கள்.