வேட்டைக் கணக்கு எடுப்பது எப்படி?

நிபோங் தெபால் ஒட்டுக்கடையில் என் மாமா சொல்லும் வேட்டைக் கதையில், ஒவ்வொரு தே தாரேக்குக்கும் ஒரு காட்டுப்பன்றி கூடிவிடும். வனவிலங்குத் துறைகளும் இப்படிப்பட்ட மாமாக்களிடம்தான் கணக்குக் கேட்டாக வேண்டும். எப்படிக் கேட்கிறார்கள்? ஒரு கற்பனை மாவட்டத்தை வைத்து நாமே செய்து பார்ப்போம்.

படி 1: பெயர்ப் பட்டியல்

உரிமம் எடுத்தவர்கள்தான் பட்டியல். தீபகற்ப மலேசியாவில் காட்டுப்பன்றி சுடுவதற்கே, 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். அமெரிக்காவில் காட்டு வாத்து போன்ற வலசைப் பறவைகளைச் சுடப் போகிறவர் அதற்கென்றே தனியாகப் பெயர் பதிய வேண்டும். நம் மாவட்டத்தில் 2000 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: குலுக்கல், பிறகு கேள்வி

அதில் 200 பேரைக் குலுக்கிப் போட்டு எடுங்கள். தெரிந்த முகமாகப் பொறுக்க வேண்டாம். வேட்டைக்குப் போனீர்களா, எத்தனை நாள், எத்தனை கிடைத்தது என்று கேளுங்கள். பருவம் முடிந்த கையோடு கேட்பது நல்லது. நாளாக நாளாக நினைவு கதையாகிவிடும். நாள் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். 5 நாளில் 10 பன்றி கிடைப்பதும் 20 நாளில் 10 கிடைப்பதும் ஒன்றா? பொறி வைப்பவர் என்றால் பொறிகளை இரவுகளால் பெருக்குங்கள்: 10 பொறி, 5 இரவு, ஆக 50 பொறி-இரவு.

படி 3: பதில் தராதவர்

சறுக்கும் இடம் இதுதான். 120 பேர் பதில் தந்தார்கள், சராசரி 1.5 பன்றி. உடனே 2000-ஆல் பெருக்கி 3000 என்று எழுதக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். பதில் எழுத யாருக்கு ஆசை வரும்? சுட்டவருக்குத்தான். வெறுங்கையோடு திரும்பியவர் படிவத்தை எங்கேயோ செருகி வைத்துவிடுவார். அதனால் பேசாத 80 பேரில் 20 பேரைக் குலுக்கி எடுத்துப் போன் போடுங்கள். அவர்கள் சராசரி 0.5 என்று வருகிறது. அப்படியானால் 120 பேருக்கு 180, 80 பேருக்கு 40, மொத்தம் 220. ஆளுக்கு 1.1, மாவட்டத்துக்கு 2200. அந்த ஒரு போன் சுற்று இல்லையென்றால், யாருமே சுடாத 800 பன்றிகள் அறிக்கையில் ஏறியிருக்கும்!

படி 4: கையில் சாட்சி

அமெரிக்காவில் தேர்ந்தெடுத்த வேட்டைக்காரர்கள் சுட்ட வாத்தின் ஓர் இறக்கையைத் தபாலில் அனுப்புகிறார்கள். நிபுணர்கள் கூடி உட்கார்ந்து, இறகைப் பார்த்தே இனம், ஆணா பெண்ணா, குஞ்சா முதிர்ந்ததா என்று பிரிக்கிறார்கள். மானுக்கு, வேட்டைக்காரர்கள் சுட்டதைக் கொண்டுவந்து காட்டும் சோதனை நிலையத்தில் கீழ்த்தாடைப் பல்லின் தேய்மானத்தைப் பார்த்து வயதைக் கணிப்பார்கள். எனக்குப் பிடித்த படி இதுதான், இறக்கைக்கு மிகைப்படுத்தத் தெரியாது. மாமாவிடமும் தாடை எலும்பைக் கேட்டுப் பார்த்தேன். “அது குழம்போட போச்சுடா” என்றார்.

அப்புறம், அடுத்த வருடமும் இதே கேள்விகளை இதே சொற்களில் கேளுங்கள். கேள்வி மாறினால், மாறியது பன்றியா படிவமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.